ஏழாவது பல்

இன்னும் ஒரே ஒரு சாமான் திரும்பி வந்தால் கடைசல் பட்டறையை மூடிவிடுவது என்று உஸ்தா கெமைஸ் முடிவு செய்தது அக்டோபர் இரண்டாம் தேதி. கோபத்தில் வாய் தவறிச் சொன்னதல்ல. நிதானமாக ஒரு கிளாஸ் தேநீரைக் குடித்து முடித்து, சுவர்க் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத்தான் முடிவு செய்தார்.

அன்று காலையில் காபேஸ் சாலை ரொட்டிக்கடைக்காரர் மாவு பிசையும் மெஷினின் ஷாஃப்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டிருந்தார். கெமைஸ் செய்து கொடுத்துப் பதினைந்து நாள்கூட ஆகாத ஷாஃப்ட். "உஸ்தா, இது மாவு பிசையல, தாளம் போடுது" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். கெமைஸ் எடுத்துப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தப்பு தெரிந்துவிட்டது. யாரோ செய்த தப்பாக இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வரிசையாகப் பற்கள் வெட்டியிருக்கும். அவை மோட்டாரோடு இணைக்கிற கப்ளிங்கின் உள்பக்கப் பள்ளங்களில் போய் உட்கார்ந்து மோட்டாரின் பலத்தை மெஷினுக்குத் தள்ளிக் கொடுக்கும். தள்ளித் தள்ளிப் பல்லின் ஒரு முகம் தேயும். தேய்ந்ததைப் பார்த்துப் புதிது செய்கிறவன் முதலில் தேயாத இடத்தைத்தான் தேட வேண்டும். கப்ளிங் எட்டாத ஓரத்தில், ஒரு விரற்கடையாவது, பல் வெட்டிய அன்று இருந்தபடியே இருக்கும். அளவு அங்கேதான் இருக்கிறது. கெமைஸ் நட்டநடுவில், நன்றாகத் தேய்ந்த இடத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்திருக்கிறார். ஆக, ரொட்டிக்கடையின் புது ஷாஃப்ட் பிறக்கும்போதே கிழடாகப் பிறந்தது. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் முப்பத்தெட்டு வருஷமாக இந்த வேலை பார்த்து உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்று பெயர் வாங்கிய மனிதர், வேலைக்கு வந்த முதல் வாரத்தில்கூடச் செய்யாத தப்பு அது.

மனைவி ஸாலிஹா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தத் துக்கத்தின் தலையில் பழியைப் போடலாம்தான். ஆனால் போன வருஷம் வரை கை நன்றாகத்தானே இருந்தது? தூரத்தில் பிசர்த் ஊரில் இருக்கிற மகள் கோடைக்காலத்திலிருந்தே போன் பண்ணிக்கொண்டிருந்தாள். "தனியா உக்காந்து யாருக்காகப்பா இரும்பைக் கடைஞ்சுட்டு இருக்கீங்க? இங்க வந்து பேரனைப் பாத்துக்குங்க." அவரும் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்குப் பிறகு இழுப்பதற்குக் காரணம் குறைந்துபோனது.

பக்கத்துப் பட்டறை லமீனுக்கு அவருடைய மில்லிங் மெஷின்மேல் பத்து வருஷமாக ஒரு கண். முடிவைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தினமும் காலையில் எட்டிப் பார்ப்பான்.

"என்னடா, இன்னிக்கு எதுவும் திரும்பி வரலயா?"

"வரல. போய் உன் வேலையப் பாரு."

"அட, ஒரு நல்ல செய்தி சொல்ல மாட்டேங்கிற மனுஷா!"

வாய்தான் அப்படி. ஸாலிஹா இறந்தபோது மூன்று நாள் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிடந்தவனும் இவன்தான். அதனால் கெமைஸ் அவன் பேச்சைப் பொருட்படுத்துவதில்லை.

பதிமூன்றாம் தேதி திங்கட்கிழமை, பத்து மணி வாக்கில், நசீஹாவின் சின்ன வண்டி வாசலில் வந்து நின்றது. கெமைஸுக்கு அந்த வண்டியின் சத்தம் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டார். சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டார் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவரைக் கேட்டால் இல்லவே இல்லை என்பார்.

ஐன் சாலையில் ஏழாவது கிலோமீட்டரில் இருக்கிற ஒலிவ எண்ணெய் மில் அவளுடையது. கணவர் இறந்து எட்டு வருஷமாகத் தனியாக நடத்துகிறாள். ஊரில் எல்லாரும் மரியாதையாக லல்லா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவடைக் காலத்தில் மூட்டையோடு வரிசையில் நிற்கிற மீசைக்காரர்கள்கூட அவள் குரல் கேட்டால் பேச்சை நிறுத்துவார்கள். போன வருஷம் அங்கே அரவை மெஷினின் ஷாஃப்ட் வீணாய்ப்போய், கெமைஸ் புதிது செய்து, மூன்று நாள் மில்லிலேயே இருந்து மாட்டிக் கொடுத்தார். மூன்று நாளும் ஆரஞ்சுப்பூப் பன்னீர் விட்ட காப்பி வந்தது. மூன்றாம் நாள் மெஷின் முனகாமல் ஓடியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. "லல்லா நசீஹா, இனிமே பத்து வருஷத்துக்கு என் மூஞ்சியில நீங்க முழிக்கவே வேண்டியதில்ல!" என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு அவளைப் பார்க்க ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. வாயைக் கொடுத்துவிட்டு வருஷம் முழுக்க ஐன் சாலைப் பக்கமே போக முடியாமல் கிடந்தார்.

இப்போது அவளே வந்திருந்தாள். பழைய துண்டில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். வலது கட்டைவிரலில் கட்டு.

"விரல்ல என்ன லல்லா?"

"சீமைமாதுளை வெட்டினேன். கத்தி வழுக்கிருச்சு." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டைப் பிரித்தாள். "உஸ்தா, இது தேஞ்சு போச்சு."

அவருடைய ஷாஃப்ட். பல்லில் விரலை வைத்ததுமே தெரிந்தது, மெலிந்திருந்தது. ஒரே ஒரு சீசன். பத்து வருஷம் என்று சொன்ன சாமான்.

காலண்டரில் போட்ட வட்டம் கெமைஸின் கண்ணில் பட்டது. வேறு யாருடையதாவது திரும்பி வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தார். வாழ்நாளில் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

"மெதுவா அளங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் நசீஹா வேகவேகமாக. "சீசனுக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு. புதுசு செஞ்சு நீங்களே வந்து மாட்டிக் குடுத்துருங்க. போன வருஷம் மாதிரி."

"லமீன்கூட நல்லாச் செய்வான் லல்லா."

"லமீனா! என் வீட்டுக் கழுதைக்கு லாடம் அடிக்கக்கூட அவனக் கூப்பிட மாட்டேன்."

"காதுல விழுது!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லமீன் கத்தினான்.

"விழட்டும்னுதான் சொன்னேன்!" என்று அவளும் கத்தினாள். பிறகு கெமைஸைப் பார்த்தாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. "வச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அவள் வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் லமீன் உள்ளே வந்தான். ஷாஃப்டைக் கையில் எடுத்து, பல்லைத் தடவிப் பார்த்தான். கிண்டல் செய்ய வந்தவன், நண்பனின் முகத்தைப் பார்த்ததும் அதை மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

"வியாழக்கிழமை வண்டி கொண்டாந்து மெஷினை எடுத்துக்க" என்றார் கெமைஸ்.

"நான் சும்மா விளையாட்டுக்குத்தாண்டா..."

"நான் விளையாடல. இதுக்கு அளவு மட்டும் எடுத்துத் தரேன். அதே மெஷின்ல நீ செஞ்சு அவங்களுக்குக் குடு. என் கையால இன்னொன்னு வேண்டாம்."

அன்று அவர் ஷாஃப்டைத் தொடவில்லை. மறுநாள் மத்தியானம், மகளுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்ன பிறகு, இனி ஒத்திப்போட முடியாது என்று உட்கார்ந்தார். ஷாஃப்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். எட்டுப் பற்கள். எங்கே தொடங்கினோம் என்று குழம்பாமல் இருக்க முதல் பல்லின் தலையில் நீலச் சாக்கால் ஒரு புள்ளி வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ரொட்டிக்கடை ஞாபகம் வந்தது. நடுவில் வைக்காதே, ஓரத்துக்குப் போ என்று தன்னையே அதட்டிக்கொண்டு, கப்ளிங் எட்டாத அந்த ஓரத்தில் வெர்னியரை வைத்தார்.

போன வருஷம் ஏழு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய பல். இப்போது ஆறு புள்ளி நாற்பத்தொன்று.

ஓரத்திலேயே! கெமைஸ் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். கப்ளிங் எட்டாத இடம் அது. அங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. தொடாத இடம் எப்படித் தேயும்? கண் போய்விட்டது, கையோடு சேர்ந்து கண்ணும் போய்விட்டது என்று நினைத்தார். இரண்டாவது பல்லுக்குப் போனார். ஆறு புள்ளி ஐம்பத்தாறு. மூன்றாவது ஆறு புள்ளி நாற்பத்தெட்டு. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரே மோட்டார், ஒரே கப்ளிங், எட்டுப் பல்லும் சேர்ந்து தள்ளுகிற ஒரே பாரம். தேய்வதென்றால் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஏறக்குறைய ஒன்றுபோலத் தேய வேண்டும். இது ஆளுக்கொரு திக்கில் நின்றது.

ஏழாவது பல்லில் வெர்னியர் இறங்க மறுத்தது.

தாடையைத் திறந்து, பல்லின் நடுவில் கப்ளிங் உட்காரும் இடத்தில் வைத்தார். ஆறு புள்ளி தொண்ணூற்றெட்டு. இன்னொரு முறை. அதே தொண்ணூற்றெட்டு. ஓரத்துக்கு நகர்த்தினார், ஏழு. முழுசாக ஏழு. ஒரு முகம் லேசாகப் பளபளத்தது, மறுமுகத்தில் அவர் வெட்டிய கட்டரின் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு முழு சீசன் ராப்பகலாக ஓடித் தேய்ந்தது மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு. தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கெமைஸ் எழுந்து நின்றுவிட்டார். பத்து வருஷமா? இருபது வருஷம் ஓடியிருக்கும்! கை போகவில்லை. கண் போகவில்லை. ரொட்டிக்கடையில் நடந்தது ஒருநாள் கவனக்குறைவு, அவ்வளவுதான். அடக்க முடியாமல் அழுகை வந்தது. அறுபத்தொரு வயதில் வெர்னியரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் லமீனின் லேத் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அழுது முடித்து எட்டாவதையும் அளந்தார், அது மறுபடி மெலிந்திருந்தது. கோபம் வந்தது. அப்படியானால் மற்ற ஏழு பல்லையும் எவன் இந்தக் கதிக்கு ஆளாக்கினான்? ஷாஃப்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஓட்டத்தில் தேய்ந்த இரும்பு பளிங்காக மின்னும். இது மின்னவில்லை. நீளவாக்கில் கீறல் கீறலாக, இரண்டு முகத்திலும், அரம் ஓடிய தடம். அதுவும் வைஸ் இடுக்கியில் பிடித்து ராவியதல்ல, கோடுகள் அலைபாய்ந்தன. தொழில் தெரியாத கை. ஆனால் பொறுமையான கை. இந்த உருக்கு அரத்துக்கு லேசில் மசியாது. அரை மில்லிமீட்டர் இறக்க, பழக்கமில்லாதவருக்கு ஒரு பல்லுக்கு முழு நாள் போயிருக்கும். ஏழு பல், பதினாலு முகம்.

கீறல்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு மட்டும் ராவப்படாமல் மேடாக நின்றது. எல்லா முகத்திலும் அதே கோடு. கெமைஸ் லென்ஸை இறக்கினார். அந்தக் கோட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சின்னத் தட்டை அரத்தின் முகத்தில் ஓரிடத்தில் சில்லு போயிருக்கும். அது போகிற இடமெல்லாம் அப்படி ஒரு கோட்டை விட்டுவிட்டுத்தான் போகும். ஒரு வருஷமாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடைசியாக எங்கே வைத்தார் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. நசீஹாவின் மில்லில், அலுவலறை ஜன்னலில்.

சீமைமாதுளை வெட்டினாளாம்.

வெகுநேரம் அவர் அந்த ஷாஃப்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷமாக ஒருவர் முன்னாலும் தலைகுனியாத பெண், யாருக்கும் தெரியாமல், நல்ல ஷாஃப்டை உட்கார்ந்து ராவியிருக்கிறாள். எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தது சரிதானா என்று பயமாகவும் இருந்தது.

புதன்கிழமை காலை ஷாஃப்டை அதே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஐன் சாலைக்குப் போனார். மில் முற்றத்தில் வேலையாட்கள் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நசீஹா அலுவலறையில் தனியாக இருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். துண்டைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்குள்ள அளந்துட்டீங்களா?"

"அளந்துட்டேன். என் அரம் எங்க லல்லா?"

"எந்த அரம்?"

"முகத்துல சில்லு போனது."

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து அரத்தை எடுத்து வைத்தாள். பிடியில் ஒரு பழைய கைக்குட்டை சுற்றியிருந்தது. அதில் பழுப்பாக ரத்தக்கறை.

"வைஸ் கூட இல்லாமலா?"

"மடியிலதான். சமையல்கட்டுல உக்காந்து. பதினோரு நாள் ஆச்சு. என்ன இரும்பு அது, உங்கள மாதிரியே." குரல் மட்டும் இன்னும் அதிகாரமாக இருந்தது. "திட்டறதுன்னா திட்டிட்டுப் போங்க உஸ்தா."

"எதுக்குச் செஞ்சீங்க?"

"லமீன் பொண்டாட்டி ஹம்மாம்ல குளிக்கறப்ப சொன்னா, மக கூப்புடறா, உஸ்தா பிசர்த்துக்குப் போயிருவாருபோலன்னு. கைல வேலை இருந்தா பாதில விட்டுட்டுப் போற மனுஷன் இல்ல நீங்க. அதான் வேலை குடுக்கலாம்னு பாத்தேன். குடுக்க என்கிட்ட என்ன இருக்கு? மில்லுல எல்லாம் நல்லாத்தான் ஓடுது. நீங்க செஞ்சது வேற, தேயவே மாட்டேங்குது. பத்து வருஷம் என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போனீங்க. பத்து வருஷம் கழிச்சு எனக்கு அறுபத்தி நாலு வயசு."

கெமைஸ் நாற்காலியை இழுத்து அவளெதிரில் உட்கார்ந்தார். ரொட்டிக்கடை ஷாஃப்டைப் பற்றிச் சொன்னார். காலண்டரில் போட்ட வட்டத்தைச் சொன்னார். இன்னும் ஒன்று திரும்பி வந்தால் மூடிவிடுவது என்றிருந்ததையும், திரும்பி வந்தது இதுதான் என்பதையும், நாளைக்கு லமீன் வண்டி கொண்டுவரப் போவதையும் சொன்னார்.

நசீஹா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "யா லத்தீஃப், ஆண்டவனே! இருக்க வைக்கணும்னு செஞ்சு நானே உங்களத் துரத்தி விட்டுருப்பேனே!" கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மில்லில் யாரும் பார்த்திராத நசீஹா அது. "வேலை சரியில்லன்னு நெனச்சீங்களா? உங்க வேலையவா?"

"ரெண்டு நாள் நெனச்சேன். ஏழாவது பல்லு வரைக்கும் நெனச்சேன்." அவர் துண்டைப் பிரித்து ஷாஃப்டைத் திருப்பினார். "எல்லாத்தையும் ராவினீங்க. இந்த ஒண்ணை மட்டும் ஏன் விட்டீங்க? எண்ணிக்கை தப்பிருச்சா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பல்லை ஒற்றை விரலால் தொட்டாள்.

"எட்டுகூட எண்ணத் தெரியாதவளா நான்? போன வருஷம் பழசை அளக்கறப்ப நீங்கதான் சொன்னீங்க. ஒரே ஒரு பல்லு நல்லா இருந்தாப் போதும் லல்லா, மீதி எல்லாத்தையும் அதுலேந்து எடுத்துருவேன்னு. அதான் விட்டேன். நீங்க அளவு இல்லாம தவிக்கக் கூடாதுல்ல?"

கெமைஸ் அந்தப் பல்லைப் பார்த்தார். போன வருஷம் தொழில் மும்முரத்தில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி. அதை ஒருத்தி காதில் வாங்கி வருஷம் முழுக்க வைத்திருந்திருக்கிறாள்.

"அதுலேந்துதான் எடுத்தேன்" என்றார். "லமீனை நான் பாத்துக்கறேன். புதுசு அடுத்த வாரம் ரெடியாயிரும். மகளுக்கும் போன் பண்ணணும்."

"எத்தனை வருஷம் வரும் அது?"

"இருபது."

நசீஹாவின் முகம் வாடியதை அவர் பார்த்தார்.

"சாமான் நல்லாத்தான் செய்வேன் லல்லா, மட்டமாச் செய்யத் தெரியாது. ஆனா மாசா மாசம் நான் வந்து அளந்து பாக்கணும். எப்படித் தேயுதுன்னு."

"மாசா மாசமா?"

"சீசன்ல வாரா வாரம்."

அவள் எழுந்து காப்பி வைக்கப் போனாள். போகும்போது முற்றத்தைப் பார்த்து, தொட்டியை ஒழுங்காகத் தேய்க்கச் சொல்லி ஒரு அதட்டல் போட்டாள். அதட்டலில் பாதி சிரிப்பு கலந்திருந்தது. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காப்பியைக் குடித்துவிட்டு கெமைஸ் கிளம்பினார். ஷாஃப்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். கைக்குட்டை சுற்றிய அந்த அரத்தை மட்டும், போன வருஷம் மறந்து வைத்த அதே ஜன்னலில், இந்த முறை மறக்காமல் வைத்துவிட்டுப் போனார்.